திகைப்பு மண்

எங்கள் ஊர்க் கூடத்தில் திகைப்பு மண்ணைப் பற்றி நான் பேசாத வருஷம் கிடையாது. வயலில் எங்கேயோ ஓர் இடத்தில் ஒரு பிடி புல்மண் இருக்கும். பார்வைக்கு மற்ற மண் மாதிரிதான். அதை மிதித்தவனுக்குத் தன் சொந்த வயலிலேயே வழி தெரியாமல் போய்விடும். கண்ணெதிரே இருக்கிற வாசல் கேட்டு தெரியாது, வேலியைச் சுற்றிச் சுற்றி வருவான். போட்டிருக்கிற கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டால் மயக்கம் விட்டுவிடும். இது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "பாதி மூடுபனி, மீதி விஸ்கி" என்று சேர்ப்பேன். கூடம் சிரிக்கும். பிறகு டீயும் பன்னும் வரும்.

என் பெயர் அட்ராக்டா க்ரையன். டப்ளினுக்கு மேற்கே ரோஸ்கொமன் மாவட்டத்தில் லிஸ்கொரா எங்கள் ஊர். அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டு வருகிறவர்களைப் பாதிரியார் என் வீட்டுக்குத்தான் அனுப்புவார். யார் யாருக்குப் பிறந்தார்கள், எந்த அண்ணன் எந்தப் பஞ்சத்தில் கப்பல் ஏறினான், எவன் எவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி ஏமாற்றினான், எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. எழுதி வையுங்கள் என்பார்கள். பேசுவதற்கே நேரம் போதவில்லை, இதில் எழுத்து வேறா என்பேன். அந்தத் தலையைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு, ஒளிப்பானேன்.

அதே தலையைப் பற்றிப் பயமும் உண்டு. என் அக்கா கொன்செப்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டாள். சர்ச்சிலிருந்து அவள் வீட்டுக்கு வளைவே இல்லாத ஒரே ரோடு. ஊரில் ஒருத்தரும் வியாதி என்று வாயைத் திறக்கவில்லை. "பாவம், திகைப்பு மண்ணை மிதிச்சிட்டா" என்றார்கள். தார் ரோட்டில் மண் ஏது என்று கேட்க எனக்கும் மனசு வரவில்லை. அப்புறம் அடுப்பை மறந்தாள், பிள்ளைகள் பெயரை மறந்தாள், கடைசியில் என்னைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பெண் என்று மரியாதையாக விசாரித்தாள். போன குளிர்காலத்தில் அவளை அடக்கம் செய்தோம். அதிலிருந்து சாவியைத் தேடினாலும் எனக்கும் அதுதானோ என்று தோன்றும்.

செப்டம்பரில் டார்லீன் டான்சி வந்தாள். அமெரிக்காவில் மொன்டானா பக்கம் பியூட் என்கிற சுரங்க ஊர்க்காரி. ஐம்பது வயதிருக்கும், உயரம், காலில் புத்தம்புது ரப்பர் பூட்ஸ். அவள் அப்பா லியோ வசந்தத்தில் இறந்துபோனார். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வராதவர், சாகும்போது ஒன்றுதான் கேட்டாராம். டான்சி வீட்டு அடுப்புக்கல் இன்னும் இருந்தால், யாராவது போய் அதில் கையை வைக்க வேண்டும். மறுநாள் காலை அவளுக்கு டப்ளினில் விமானம். அந்த ஒரு மத்தியானம்தான் அவளிடம் இருந்தது.

"அந்த வீடு எனக்கு என் சமையலறை மாதிரி. கால் மணி நேரத்துல கூட்டிட்டுப் போயிடறேன்" என்றேன்.

என் புருஷன் மலக்கி கதவருகே என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போட்டுக்கோ."

"வெயில் அடிக்குது மலக்கி. ஆடு மாதிரி வேர்க்கப் போவுது."

"போட்டுக்கோன்னா போட்டுக்கோ."

ஈஸ்டருக்குப் பிறகு அவனுக்கு இந்தக் கோட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. தபால் போடப் போனாலும் கோட்டு, கோழிக்குத் தீனி வைக்கப் போனாலும் கோட்டு. அவனே மாட்டிவிடுவான், திரும்பி வந்ததும் அவனே கழற்றி ஆணியில் மாட்டுவான். வயசானால் ஆண்களுக்குக் குளிர் புத்தியில் ஏறிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். டார்லீனிடம் அவன், "அவகூடவே இருங்க, தரை வழுக்கும்" என்றான். பத்து நாளாக மழையே இல்லை.

டான்சி வீடு மேட்டு வயலில் இருக்கிறது. வயலின் நடுவே பழைய வட்டமேடு, அதன்மேல் முள்மரங்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிற மாயக் கூட்டத்தை எங்கள் ஊரில் பெயர் சொல்ல மாட்டோம், "அவங்க" என்போம். மேட்டுக்கு அந்தப் பக்கம் டான்சி வீட்டின் ஒற்றைச் சுவர் கூரையில்லாமல் நிற்கும். சாலையோரத்தில் இரும்புக் கேட்டு, அதை நீலக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். நான்தான் அவிழ்த்தேன், நான்தான் திரும்பக் கட்டினேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"மேடு வலது கைப்பக்கம் இருக்கற மாதிரியே சுத்தி வரணும்" என்றேன்.

"இல்லேன்னா?"

"இல்லேன்னா ஒண்ணுமில்ல. ஆனா யாரும் அப்படிப் போறதில்ல."

பேசிக்கொண்டே நடந்தோம். டான்சிகளில் இரண்டு கிளை உண்டு, கறுப்பு டான்சி, ஆற்றங்கரை டான்சி. கறுப்பு டான்சிகள் கோபக்காரர்கள், ஆற்றங்கரைக்காரர்கள் பாட்டுக்காரர்கள். டார்லீன் கறுப்புக் கிளை. "அதான் எங்கப்பாவுக்கு அப்படி ஒரு வாய்" என்று சிரித்தாள். மேட்டைச் சுற்றி முடித்தோம். இங்கே சுவர் தெரிய வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தேன். வேலிதான் இருந்தது. வேலியோரம் மாடுகள் தண்ணீர் குடிக்கப் போட்ட பழைய குளியல் தொட்டி ஒன்று.

கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டோம் என்று நினைத்து வேலியை ஒட்டி நடந்தேன். வேலி ஒரு மூலையில் திரும்ப வேண்டும். திரும்பியது. அதற்கப்புறம் சாலை தெரிய வேண்டும். தெரியவில்லை. கோரைப்புல்லும் ஆடுகளும் இன்னும் கொஞ்சம் வேலியும்தான். நான் வாயை மட்டும் மூடவில்லை. ஆற்றங்கரை டான்சி ஒருத்தன் மாமியாரின் பன்றியை விற்றுக் குடித்த கதையைச் சொன்னேன். அந்தக் கதை முடிகிற இடத்தில் மறுபடியும் குளியல் தொட்டி வந்தது.

"இதை முன்னாடியே பார்த்தோமே" என்றாள் டார்லீன்.

"அது வேற தொட்டி."

"அதுலயும் ஒரு குழாய் மஞ்சளா இருந்துச்சே."

"எங்க ஊர்ல எல்லாரும் ஒரே வருஷம் குளியலறை மாத்தினாங்க. எல்லாம் ஒரே கடையில வாங்கின தொட்டி."

இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல வருகிறதே, இந்தத் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கே ஒரு தைரியம் வந்தது. வயலைக் குறுக்காகக் கடந்தேன். மேடு வலப்பக்கம் இருக்க வேண்டியது இடப்பக்கம் இருந்தது. சர்ச் கோபுரம் தெரிந்தது, ஆனால் அது இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. சூரியன் இருந்தது. பளிச்சென்று, ஒரு மேகமும் இல்லாமல். ஆனால் அது இனி எந்தப் பக்கமாக இறங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கூசியதுதான் மிச்சம்.

தொட்டி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை டார்லீன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உனக்கு அந்தக் கேட்டு தெரியுதாம்மா?" என்று கேட்டேன். மரியாதையெல்லாம் எப்போது விட்டுப்போயிற்று என்று தெரியவில்லை.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "இல்லையே. எனக்கும் தெரியல."

அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நல்ல கண் உள்ளவள், என்னைவிட இருபது வயது சின்னவள், அவளுக்கும் தெரியவில்லை. ஆக, என் தலையில் கோளாறு இல்லை. ஆனால் அவள் இந்த வயலுக்கு இன்றைக்குத்தான் வந்தவள். அவளுக்குத் தெரியாததில் என்ன அதிசயம்? மறுபடியும் குழப்பம்.

"ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்றாள் டார்லீன். "இந்த மாதிரி நேரத்துல கோட்டைத் திருப்பிப் போட்டுக்கணும்னு அப்பா சொல்வாரு."

"உங்கப்பா செம்புச் சுரங்கத்துல வேலை பார்த்தவரு. அவருக்கு ஏது வயலு, ஏது மண்ணு?"

"சுரங்கத்துக்குள்ளயே ஒரு தடவை திருப்பிப் போட்டுக்கிட்டாராம். கூட இருந்தவங்க சிரிச்சாங்களாம். ஆனா வெளிய வந்துட்டாரு."

"நானும் அதைச் சொல்லித்தான் வருஷா வருஷம் கூடத்துல சிரிக்க வைக்கறேன்."

"இப்ப இங்க யாரும் இல்லையே சிரிக்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கோபம் அவள்மேல் இல்லை. கோட்டைத் திருப்பிப் போட்டதும் அந்தக் கேட்டு தெரிந்துவிட்டால், நான் மிதித்தது திகைப்பு மண். நான் வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்த மண். அது உண்மையாக இருந்துவிட்டால் ஊர்க் கூடத்தில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கவும் நான் தயார். திருப்பிப் போட்டும் தெரியாவிட்டால், இது கொன்செப்டாவுக்கு வந்தது. கழற்றாத வரைக்கும் இரண்டில் எது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பொத்தானில் கை வைத்தபடியே நின்றேன். ஓர் ஆடு என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது.

"நான் பிடிச்சுக்கறேன், கையை எடுங்க" என்றாள் டார்லீன்.

கழற்றினேன். கையை உள்ளே விட்டு இழுத்துத் திருப்பினேன். உள்துணி பழுப்புப் பட்டு, அக்குள் பக்கம் கிழிந்தது, எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருந்தது. இடது மார்புக்கு உள்ளே, தலையணை உறையிலிருந்து வெட்டிய ஒரு வெள்ளைத் துணிப்பட்டை. கறுப்பு மையில் பெரிய பெரிய எழுத்து. கம்பளி மூட்டைகளின்மேல் மலக்கி எழுதுகிற அதே எழுத்து.

அட்ராக்டா க்ரையன், லிஸ்கொரா. வழி தெரியாமல் நின்றால் மலக்கிக்குச் சொல்லவும். கீழே தொலைபேசி எண்.

நான்கு ஓரமும் சாக்குத் தைக்கிற நூலால் தைத்திருந்தான். ஒரு மூலையில் நூல் சிக்கி முடிச்சு விழுந்து, அதன்மேலேயே மறுபடியும் தைத்திருந்தான். நாலு மாசம், ஐந்து மாசம், இதை என் நெஞ்சின்மேல் சுமந்துகொண்டு நான் ஊரெல்லாம் அடுத்தவர் வம்சம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

டார்லீனும் படித்தாள். படித்ததை மறைக்கவில்லை. கோட்டை என் தோளில் மாட்டி, பொத்தான் போட வராததால் முன்பக்கத்தை இழுத்துச் சேர்த்தாள். அப்போது துணிப்பட்டை வெளியே, ஊர் பார்க்கிற மாதிரி வந்தது. தன் கழுத்துத் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டு, அந்த இடம் மறைகிற மாதிரி தொங்கவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

பிறகு இரும்புக் கேட்டு தெரிந்தது. நீலக் கயிறு கட்டியபடியே, எப்போதும் இருக்கிற இடத்தில். அதற்குப் பின்னால் சாலை, அவள் வாடகைக் கார். திரும்பிப் பார்த்தால், தொட்டிக்கு எதிரே, கூப்பிடு தூரம்கூட இல்லை, டான்சி வீட்டின் ஒற்றைச் சுவர். "அதோ" என்று ஒரு குரல் கேட்டது. என் குரலா அவள் குரலா என்று அப்போதே நிச்சயமில்லை. அவள் முதலிலேயே பார்த்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாளா, அதுவும் தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

வீட்டுக்குள் புல் முழங்கால் உயரம். அடுப்பங்கரையில் காஞ்சொறிச் செடியை என் பூட்ஸால் மிதித்து ஒதுக்கினேன். கல் அங்கேயே இருந்தது, நடுவில் விரிசல் விட்டு, கரியேறி. டார்லீன் மண்டியிட்டுக் கையை விரித்து வைத்தாள்.

எங்கள் வழக்கத்தில் அப்படி ஒருவர் வந்து நின்றால் யாராவது பெயர் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். "டார்லீன், லியோவின் மகள். லியோ, பார்ட்லியின் மகன். பார்ட்லி, கறுப்பு ஜேம்ஸின் மகன். கறுப்பு ஜேம்ஸ், ஹோனர் டான்சியின் மகன். ஹோனரைக் கட்டினவன் கப்பலில் செத்தான், அதனால் பிள்ளைகளுக்கு அம்மா பெயர்தான். ஹோனர், மத்தியாஸின் மகள். இந்த வீட்டைக் கட்டினது மத்தியாஸ்." ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை. ஆறு தலைமுறையை இப்படிக் கோத்துச் சொல்கிற தலை, ஒரு வயலில் எப்படிக் கேட்டைத் தொலைக்கும்? அப்படியானால் மண்தான். மண் என்றால் மார்பில் இந்தத் துணி எதற்கு?

டார்லீன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணட்டுமா?"

"வேண்டாம். என் வீட்டுக்கு எனக்கு வழி தெரியும்."

அவள்தான் ஓட்டினாள். சாராயக்கடை முனையில் என்னைக் கேட்காமலே இடப்பக்கம் திருப்பினாள். அதுவும் சரியான வழிதான். வாசலில் இறக்கிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். துண்டைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றாள்.

மலக்கி சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். நான் துண்டை எடுத்துவிட்டு அவன் முன்னால் நின்றேன். கோட்டு திருப்பிப் போட்டபடியே இருந்தது. அவன் துணிப்பட்டையைப் பார்த்தான், கத்தியைக் கீழே வைத்தான்.

"மண்ணை மிதிச்சிட்டியா?" என்றான்.

"நீயுமா மலக்கி? ஊர்க்காரங்க மாதிரி நீயும் மண்ணுன்னு சொல்லாத."

அவன் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"தையல் கோணலா இருக்கு" என்றேன்.

"நீ நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டுப் பூசைக்குப் போயிருந்தப்ப தெச்சது. நீ வர்றதுக்குள்ள முடிக்கணும்னு."

"எப்ப?"

"ஈஸ்டர் கழிஞ்ச வாரம்."

"ஈஸ்டர்ல என்ன ஆச்சு?"

"விடு அட்ராக்டா. கெழங்கு வெந்ததும் சாப்பிடலாம்."

"நான் எதையும் விடறவ இல்லன்னு உனக்குத் தெரியும். எந்த வயல்ல நின்னேன்? மேட்டு வயலா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே எங்கள் முற்றம், தண்ணீர்ப் பீப்பாய், கோழிக்கூடு, துணிக்கொடி.

"வயல்ல இல்ல" என்றான். "இங்கதான். கொடியில துணி எடுக்கப் போன. கூடையைக் கையில வெச்சிக்கிட்டு நின்ன. நான் வந்ததும், கதவு எந்தப் பக்கம்னு கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

"கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். டீ போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு, டீ தண்ணியா இருக்குன்னு திட்டின."

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. எவ்வளவு தேடினாலும் அந்த ஈஸ்டரில் பூசை இருக்கிறது, ஆட்டுக்கறி இருக்கிறது, மழை பெய்தது இருக்கிறது. கூடையும் முற்றமும் இல்லை. திட்டினது மட்டும் நானாகத்தான் இருக்கும்.

"ஏன் சொல்லல?"

"கொன்செப்டாவைப் புதைச்சு ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. உன் மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது? திகைப்பு மண்ணுன்னு சொல்லலாம்னு பார்த்தேன், நீ சிரிப்ப."

"சிரிச்சிருக்க மாட்டேன்."

"செவ்வாய்க்கெழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். போறியா?"

"நீ வருவியா?"

"நான் இல்லாம எப்படிப் போவ?" என்றான். சொல்லிவிட்டு, சொன்னதைக் கேட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

நான் தையல் பெட்டியை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சாக்கு நூலை வெட்டிப் பிரித்தேன். துணிப்பட்டையை மடித்து, ஓரம் பிரியாமல், சின்னச் சின்னத் தையலாக அதே இடத்தில் நேராகத் தைத்தேன். கையெல்லாம் எப்போதும் போல வேலை செய்தது. தைத்து முடித்துப் பல்லால் நூலைக் கடித்துவிட்டு, எழுதியிருந்ததை மறுபடியும் வாசித்தேன். என் பெயர் சரி. ஊர் சரி. அவன் பெயர் சரி.

கீழே தொலைபேசி எண். நாங்கள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் எண் மாறியதே இல்லை. அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சரியாகத்தான் இருக்கும். மலக்கி அதில் தப்பு விடுகிற ஆள் இல்லை.